சிபில் ஸ்கோர் வருவதற்கு 100 வருஷம் முன்பே அதே கேள்வி... யார் இந்த ஃப்ரெடரிக் நிக்கல்சன்?

கடன் கேட்டு வந்திருக்கிறவர் யார்? வாங்கின பணத்தைத் திருப்பிக் கட்டுவாரா? கடன் கொடுக்கிற எவரும் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். இன்னைக்கு இதுக்கான பதில் சிபில் அறிக்கையில் இருக்கு. பான் நம்பரைப் போட்டா, சில நொடிகளில் வங்கி மேனேஜரின் திரையில் வந்துவிடும்.

130 வருஷத்துக்கு முன்னாடி இந்தப் பதில் ஊர் வட்டிக்காரரின் நோட்டில்தான் இருந்தது. அதில் என்ன எழுதியிருக்குன்னு கடன் வாங்கினவருக்கே பல நேரம் தெரியாது. அந்தக் காலத்தில் சென்னை மாகாணத்தில் இருந்த ஒரு ஆங்கிலேய அதிகாரி, ஏழைக்கு நியாயமான வட்டியில் கடன் கிடைக்க என்ன வழின்னு தேடிப் போனார். இரண்டு பெரிய தொகுதிகளாக அறிக்கை எழுதினார். இந்தியக் கூட்டுறவு இயக்கத்தின் முன்னோடி என்று இன்றும் பாடப்புத்தகங்களில் அவர் பெயர் இருக்கிறது.

அவர்தான் சர் ஃப்ரெடரிக் அகஸ்டஸ் நிக்கல்சன். இன்னொரு ஆச்சரியம், சென்னை மாகாண மீன்வளத் துறையைக் கட்டி எழுப்பியவரும் இவரேதான். அதனால் கடியப்பட்டணம் மாதிரி கடலை நம்பி வாழும் ஊர்க்காரர்களுக்கு இவருடைய கதை இரண்டு வகையில் சம்பந்தப்பட்டது.

யார் இந்த நிக்கல்சன்?

1846இல் பிறந்தவர். 1869இல் இந்திய சிவில் சர்வீஸ் அதிகாரியாக சென்னை மாகாணத்துக்கு வந்தார். வருவாய்த் துறை வேலை. ஊர் ஊராகச் சுற்றி நிலம், கிணறு, மழை, விளைச்சல், வரி, கடன் என்று எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளும் பழக்கம் உள்ளவர். 1887இல் வெளியான கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டைத் தொகுத்தவர் இவர்தான். அந்தக் காலத்துக் கொங்கு நாட்டு விவசாயத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இன்றும் அதைப் புரட்டுகிறார்கள்.

இப்படிச் சுற்றும்போது கண்ணில் பட்டுக்கொண்டே இருந்த விஷயம் கடன். விதைக்குக் கடன், மாட்டுக்குக் கடன், கல்யாணத்துக்குக் கடன், பழைய கடனை அடைக்க புதுக் கடன்.

கடன் சிக்கல் எவ்வளவு பெரிதாக இருந்தது?

1875இல் இன்றைய மகாராஷ்டிராவின் புனே, அகமதுநகர் பகுதிகளில் விவசாயிகள் திரண்டு போய் வட்டிக்காரர்களின் வீடுகளைத் தாக்கினார்கள். அவர்கள் முக்கியமாகத் தேடியது கடன் பத்திரங்களையும் கணக்குப் புத்தகங்களையும்தான். கிடைத்த இடத்திலேயே கொளுத்தினார்கள். தக்காணக் கலவரம் என்று வரலாற்றில் பதிவான சம்பவம் இது. தன்னைப் பற்றி ஒருத்தர் எழுதி வைத்திருக்கும் கணக்கு, தனக்கே எதிராக நிற்கும்போது மனிதன் எவ்வளவு தூரம் போவான் என்பதை அரசாங்கம் அன்றைக்குப் பார்த்தது.

அதற்குப் பிறகு அரசாங்கமே விவசாயிக்குக் கடன் கொடுக்க 1883லும் 1884லும் சட்டங்கள் வந்தன. ஆனால் பெரிய பலன் இல்லை. மனு எழுதணும், அதிகாரி வரணும், விசாரிக்கணும், கையெழுத்தாகணும். அதற்குள் விதைக்கிற காலம் முடிந்துவிடும். வட்டிக்காரர் அப்படியில்லை. ராத்திரி கதவைத் தட்டினாலும் பணம் தருவார். காரணம், அவருக்கு ஆளைத் தெரியும்.

1892இல் என்ன நடந்தது?

விவசாயிகளுக்கென்று நில வங்கி தொடங்க முடியுமா என்று ஆராயும் பொறுப்பை 1892இல் சென்னை அரசு நிக்கல்சனிடம் ஒப்படைத்தது. ஐரோப்பாவில் இதற்கு என்ன செய்கிறார்கள் என்று பார்த்துவரச் சொன்னது. ஜெர்மனி, இத்தாலி, பிரான்ஸ் என்று பல நாட்டுக் கடன் முறைகளை அவர் அலசினார். 1895லும் 1897லும் இரண்டு தொகுதிகளாக அவருடைய அறிக்கை வெளியானது.

சென்னை மாகாண கிராமங்களின் மொத்தக் கடன் சுமார் 45 கோடி ரூபாய் என்று அதில் கணக்கிட்டிருந்தார். இன்றைய பணத்தில் அல்ல, 1895ஆம் வருஷப் பணத்தில்.

ஐரோப்பாவை மட்டும் பார்க்கவில்லை. 1872இல் தொடங்கிய மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்ட் மாதிரி, சென்னையில் மக்களே நடத்திக்கொண்டிருந்த நிதி நிறுவனங்களையும் ஆராய்ந்தார். சேர்ந்து சேமிப்பது இந்த ஊர் மக்களுக்குப் புதுசு இல்லை என்பது அவருக்குத் தெரிந்தது.

ஜெர்மனியில் அவர் பார்த்தது என்ன?

நிக்கல்சனை மிகவும் கவர்ந்தவர் ஃப்ரெடரிக் வில்ஹெம் ராய்ஃபைசன். 1818இல் பிறந்து 1888இல் மறைந்த ஜெர்மானியர். ஒரு சின்ன கிராமப் பகுதியின் மேயராக இருந்தபோது 1846-47 பஞ்சத்தில் மக்கள் கடனில் மூழ்குவதைப் பார்த்தவர். முதலில் ரொட்டி கொடுக்கச் சங்கம் அமைத்தார். பின்னர் 1864இல் ஹெட்டெஸ்டார்ஃப் என்ற ஊரில் கடன் சங்கம் தொடங்கினார்.

அந்தச் சங்கத்தின் விதிகள் ரொம்ப எளிமை:

• ஒரு சங்கம், ஒரு சின்ன ஊர். எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்திருக்கணும்.
• ஒருத்தர் கட்டாவிட்டால் மற்ற உறுப்பினர்கள் எல்லாரும் பொறுப்பு.
• எதுக்காகக் கடன் என்று சொல்லணும். அதுக்குத்தான் செலவு பண்ணணும்.
• நிர்வாகிகளுக்குச் சம்பளம் கிடையாது.
• லாபத்தைப் பிரித்துக்கொள்ளாமல் பொது இருப்பில் சேர்க்கணும்.

சொத்து இல்லாதவனுக்கு அவனுடைய நாணயமே ஜாமீன். அந்த நாணயத்துக்குச் சாட்சி சொல்வது பக்கத்து வீட்டுக்காரர். ஏமாற்றினால் நஷ்டம் பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான் என்பதால், அவர் பொய்ச் சாட்சி சொல்லமாட்டார்.

நிக்கல்சனின் அறிக்கை முடிவாகச் சொன்னதும் இதைத்தான். பெரிய வங்கியைக் கொண்டுவந்து கிராமத்தில் இறக்கினால் வேலை நடக்காது, ராய்ஃபைசனைப் போன்ற ஆட்களைத்தான் ஊர் ஊராகத் தேட வேண்டும் என்பது அவருடைய பரிந்துரை.

அறிக்கை என்ன ஆச்சு?

சென்னை அரசு உடனே எதுவும் செய்யவில்லை. ஆனால் நிக்கல்சன் விடவில்லை. 1901ஆம் வருஷப் பஞ்ச விசாரணைக் குழுவில் உறுப்பினராக இருந்தார். அந்தக் குழுவும் கடன் சங்கங்கள் வேண்டும் என்று சொன்னது. அதே வருஷம் சர் எட்வர்ட் லா தலைமையில் அமைந்த குழுவிலும் இடம்பெற்றார். இவர்களுடைய வேலைதான் கடைசியில் 1904 மார்ச் 25இல் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் சட்டமாக வந்தது. அப்போது வைஸ்ராய் கர்சன்.

பத்துப் பேர் சேர்ந்தால் சங்கம் தொடங்கலாம். ஆனால் கணக்கு எழுதணும், வருஷத்துக்கு ஒரு முறை பதிவாளர் அந்தக் கணக்கைத் தணிக்கை செய்யணும். வட்டிக்காரரின் நோட்டுக்கும் சங்கத்தின் பேரேட்டுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். நோட்டைச் சரிபார்க்க யாரும் இல்லை. பேரேட்டை இன்னொருவர் வந்து சரிபார்க்கச் சட்டமே சொன்னது.

அதே 1904இல் இன்றைய திருவள்ளூர் மாவட்டம் திரூரில் வேளாண்மைக் கடன் சங்கம் தொடங்கியது. நாட்டிலேயே முதல் சங்கம் என்று தமிழ்நாடு கூட்டுறவுத் துறை பெருமையாகச் சொல்வது இதைத்தான். காஞ்சிபுரத்தில் நகரக் கூட்டுறவு வங்கி வந்ததும் அதே வருஷம்தான்.

கடல் பக்கம் எப்போ வந்தார்?

சிவில் சர்வீஸ் வேலையை முடித்த பிறகும் நிக்கல்சன் ஊருக்குத் திரும்பவில்லை. 1905இல் மாகாணத்தின் மீன்பிடித் தொழிலை ஆராயச் சொல்லி அரசு அவரைக் கேட்டுக்கொண்டது. 1907இல் மீன்வளத் துறை உருவானது. அதன் கௌரவ இயக்குநராக 1918 வரை வேலை பார்த்தார். ஜப்பான் வரை போய் அங்கே மீனவர்கள் எப்படித் தொழில் செய்கிறார்கள் என்று பார்த்து எழுதினார். 1908இல் எண்ணூரில் சோதனை நிலையம் வந்தது. மலபார் கடற்கரையில் மீனைப் பதப்படுத்துவது, டின்னில் அடைப்பது, மீன் எண்ணெய் எடுப்பது என்று பல முயற்சிகள் நடந்தன.

விவசாயியைவிட மீனவரின் கடன் நிலைமை சிக்கலானது. விவசாயிக்கு அடமானம் வைக்க நிலமாவது இருக்கும். கடலுக்குப் பட்டா கிடையாது. வள்ளமும் வலையும் எப்போது வேண்டுமானாலும் போகலாம். அதனால் வள்ளத்துக்கும் வலைக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கணும். அதற்குப் பதிலாக, பிடிக்கிற மீனை அவரிடமே, அவர் சொல்கிற விலைக்குக் கொடுக்கணும். கடனும் கூடவே இருக்கும், கட்டுப்பாடும் கூடவே இருக்கும்.

கடியப்பட்டணத்துக்கு இது வந்து சேர்ந்ததா?

நிக்கல்சன் காலத்தில் கடியப்பட்டணம் சென்னை மாகாணத்தில் இல்லை. நாஞ்சில் நாடு முழுக்க திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அங்கே கூட்டுறவுச் சட்டம் தனியாக 1914இல் வந்தது. கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது 1956 நவம்பர் 1இல்.

வள்ளியாறு கடலில் சேரும் இடத்தில், முட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர் கடியப்பட்டணம். இந்தக் கடற்கரையில் நிக்கல்சன் சொன்ன யோசனைக்கு உயிர் வந்தது ரொம்பத் தாமதமாகத்தான். 1970களில் கோட்டாறு சமூக சேவை சங்கத்தின் உதவியோடு குமரி மாவட்டக் கடலோரத்தில் மீனவர் சங்கங்கள் முளைத்தன. 1980இல் கேரளம், தமிழ்நாட்டுச் சங்கங்களுக்கான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு உருவானது. சிஃப்ஸ் என்று சொன்னால் கடற்கரையில் எல்லாருக்கும் தெரியும்.

அவர்களுடைய முறை இதுதான். மீனை ஏலம் போடுவது ஊர்ச் சங்கம். அன்றைக்கு விற்ற பணத்தில் ஒரு குறிப்பிட்ட சதவீதத்தைக் கடனுக்கும் சேமிப்புக்கும் பிடித்துக்கொண்டு மீதியைக் கையில் கொடுப்பார்கள். மீன் நிறையப் பட்டால் நிறையக் கழியும், படாத நாளில் கழிக்க ஒன்றும் இல்லை. எல்லாமே சங்கக் கணக்கில் ஏறும். கடன் வாங்கினவர் தன் கணக்கைத் தானே போய்ப் பார்க்கலாம்.

நிக்கல்சனின் கனவு ஜெயித்ததா?

பாதிதான். 1951-52இல் நாடு முழுக்க எடுத்த கிராமக் கடன் ஆய்வில், விவசாயிகள் வாங்கிய கடனில் கூட்டுறவுச் சங்கங்களின் பங்கு சுமார் 3 சதவீதம்தான். கிட்டத்தட்ட 70 சதவீதம் வட்டிக்காரர்களிடம் வாங்கியது. சட்டம் வந்து அரை நூற்றாண்டு ஆகியும் இதுதான் நிலைமை.

இன்றைக்கும் வியாபாரியிடம் வாங்கிய முன்பணத்தை ஒருத்தர் 20 வருஷம் ஒழுங்காகக் கட்டியிருக்கலாம். அது எந்தப் பதிவிலும் வராது. அந்த நல்ல பேர் அந்த வியாபாரியின் நோட்டோடு முடிந்துவிடும். புது இன்ஜின் வாங்க வங்கிக்குப் போனால், அவர் அங்கே யாருக்கும் தெரியாத ஆள்.

பக்கத்து வீட்டுக்காரரின் இடத்துக்கு இப்போ வந்திருப்பது யார்?

கடன் தகவல் நிறுவனங்கள். 2000ஆம் வருஷம் சிபில் தொடங்கியது. 2005இல் இதற்கென்று தனிச் சட்டம் வந்தது. இப்போது டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று 4 நிறுவனங்கள் இருக்கின்றன. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் உங்கள் கடன் விவரத்தை இவர்களுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். அதை வைத்து 300 முதல் 900 வரை ஸ்கோர் போடுகிறார்கள்.

ராய்ஃபைசன் சங்கத்தில் உங்களைப் பற்றித் தப்பாகச் சொன்னால், கூட்டத்திலேயே எழுந்து மறுக்கலாம். இங்கே உங்களைப் பற்றி எழுதுகிறவர் யாரென்றே உங்களுக்குத் தெரியாது. அதனால் நீங்களே எடுத்துப் பார்த்தால்தான் உண்டு.

அறிக்கையை எப்படி எடுப்பது?

ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி, 2017 முதல் ஒவ்வொரு நிறுவனமும் வருஷத்துக்கு ஒரு முறை ஸ்கோரோடு முழு அறிக்கையை இலவசமாகத் தரணும். 4 நிறுவனம், 4 அறிக்கை. மூணு மாசத்துக்கு ஒண்ணுன்னு பிரிச்சு எடுத்தா வருஷம் முழுக்கக் கண்காணிக்கலாம்.

நிறுவனத்தின் அதிகாரப்பூர்வ இணையதளத்துக்குப் போய் பெயர், பிறந்த தேதி, பான் நம்பர், மொபைல், இமெயில் கொடுத்தா ஓடிபி வரும். அதைப் போட்டு, இலவச வருடாந்திர அறிக்கையைத் தேர்ந்தெடுங்க. கட்டணத் திட்டம் காட்டினா வாங்கணும்னு கட்டாயம் இல்லை. சொந்த அறிக்கையை நீங்களே பார்க்கிறதால ஸ்கோர் குறையாது.

எதையெல்லாம் பார்க்கணும்?

• பெயர், பிறந்த தேதி, பான், முகவரி, மொபைல் நம்பர் சரியா?
• நீங்க வாங்காத கடன் ஏதாவது உங்க பேரில் இருக்கா?
• அடைத்து முடித்த நகைக்கடன், பைக் கடன் இன்னும் நிலுவைன்னு காட்டுதா?
• ஒவ்வொரு மாசத்துக்கும் எத்தனை நாள் தாமதம்னு இருக்கும். 000 இருந்தா தாமதம் இல்லைன்னு அர்த்தம்.
• செட்டில்டு என்றால் முழுசாக் கட்டாம, பேசி முடிச்சதுன்னு பொருள். முழுசாக் கட்டினவருக்கு க்ளோஸ்டுன்னுதான் இருக்கணும்.
• நீங்க விண்ணப்பிக்காத இடத்திலிருந்து யாராவது உங்க அறிக்கையைப் பார்த்திருக்காங்களா?
• யாருக்காவது ஜாமீன் கையெழுத்து போட்டிருந்தா அந்தக் கடனும் உங்க அறிக்கையில் வரும்.

மகளிர் குழுவில் இருப்பவர்கள் இன்னும் கவனமாகப் பார்க்கணும். குழுக்கடனில் ஒவ்வொரு உறுப்பினரின் விவரத்தையும் அனுப்பச் சொல்லி 2016இல் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. நீங்க உங்க பங்கைக் குழுவில் கட்டியிருந்தாலும், அது வங்கிக்குப் போய்ச் சேராவிட்டால் உங்க பேரில் பாக்கி விழ வாய்ப்பு இருக்கு. கட்டின ரசீதைப் பத்திரமா வைங்க.

தப்பு இருந்தா என்ன செய்யலாம்?

அந்த நிறுவனத்தின் இணையதளத்திலேயே இலவசமாகப் புகார் பதியலாம். கடன் கொடுத்த வங்கியிலும் எழுத்துபூர்வமாகக் கொடுக்கலாம். 30 நாளுக்குள் தீர்க்கணும். அதைத் தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தரணும். 2024 ஏப்ரல் 26 முதல் இந்த விதி நடைமுறையில் இருக்கு. அப்பவும் முடியலைன்னா ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், அதுக்கும் கட்டணம் இல்லை. காசு கொடுத்தா சிபிலைச் சரி பண்ணித் தர்றோம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. சரியான தகவலை யாராலும் அழிக்க முடியாது, தப்பான தகவலைத் திருத்த யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை.

இதுவரை கடனே வாங்காதவருக்கு ஸ்கோர் இருக்காது. அது குற்றம் இல்லை. கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதல் முறை கேட்பவரின் விண்ணப்பத்தை நிராகரிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. மீன் விற்ற சங்கக் கணக்கு, வங்கிப் பாஸ்புக், மீனவர் கூட்டுறவுச் சங்க உறுப்பினர் அட்டை இதையெல்லாம் கையில் எடுத்துட்டுப் போங்க.

நிக்கல்சனின் கடைசிக் காலம்

1918இல் மீன்வளத் துறைப் பொறுப்பை ஜேம்ஸ் ஹார்னெல்லிடம் ஒப்படைத்த நிக்கல்சன், நீலகிரியின் குன்னூரில் தங்கிவிட்டார். 1936இல் தன் 90ஆவது வயதில் காலமானார். அவர் எழுதிய அறிக்கையின் வழியே வந்த சங்கங்கள் இன்றைக்கும் தமிழ்நாட்டின் கிராமங்களில் நகைக்கடனும் பயிர்க்கடனும் கொடுத்துக்கொண்டிருக்கின்றன.

கடன் வாங்குகிறவரைத் தெரிந்தவர் சாட்சி சொல்லணும், அந்தக் கணக்கை இன்னொருவர் சரிபார்க்கணும் என்பது அவர் காலத்து ஏற்பாடு. இன்றைக்குச் சாட்சி கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதைச் சரிபார்க்கும் வேலை உங்களுடையது. வருஷத்துக்கு 4 முறை, 10 நிமிஷம் ஒதுக்கினால் போதும்.